பழைய பைத்தான் நிரலை பெப் 8-க்குக் கொண்டுவருதல்: எதை முதலில் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 2010 வாக்கில் பைத்தான் 2-இல் எழுதத் தொடங்கி, பலர் கைபட்டு, பிறகு 2டு3 கருவியால் பைத்தான் 3-க்கு மாற்றப்பட்ட ஏறத்தாழ 9,000 வரி நிரல் உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. நிரலில் உள்ள குறைகளைச் சுட்டும் ஃப்ளேக்8 கருவியை ஓட்டினால் 3,000-க்கு மேல் எச்சரிக்கைகள் வருகின்றன. டெஸ்ட் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் பெப் 8-க்கு, அதாவது பைத்தான் நிரலின் நடை வழிகாட்டிக்கு, ஏற்பக் கொண்டுவரச் சொல்லி மேலாளர் கேட்டிருக்கிறார். தானாகத் திருத்தும் ஆட்டோபெப்8 கருவியை, இன்னும் துணிந்து திருத்தும் அக்ரெஸிவ் தேர்வோடு ஒரே தடவை ஓட்டி முடித்துவிடலாமா, இல்லை உட்கார்ந்து கையால் திருத்த வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

மொத்தமாக ஓட்டாதீர்கள். அந்த 3,000 எச்சரிக்கைகளும் ஒரே இனம் இல்லை. பெரும்பகுதி இடைவெளி, காலி வரி, கமா விவகாரம். அதை ஒரு மதியப் பொழுதில் முடித்துவிடலாம். மிச்சத்தில் ஒரு பங்கு, பார்க்க நடை விதி போலவே இருக்கும். திருத்தினால் நிரல் செய்யும் வேலையே மாறிப்போகும். எண்ணிக்கையில் அது கொஞ்சம்தான். ஆனால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போக வேண்டும்.

மேலாளரிடம் காட்ட ஒரு விஷயம். பெப் 8-ஐ பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமும் பேரி வார்சாவும் 2001-இல் எழுதினார்கள். அந்த ஆவணமே தன்னைக் கண்மூடித்தனமாகப் பின்பற்ற வேண்டாம் என்கிறது. விதியை விட்டுவிட அது ஒத்துக்கொள்ளும் காரணங்களில் ஒன்று: அந்த விதி வருவதற்கு முன்பே எழுதப்பட்ட நிரல், அதைத் தொட வேறு எந்தக் காரணமும் இல்லை. பெப் 8-க்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக மட்டும் பழைய பயன்பாட்டை உடைக்காதீர்கள் என்பதும் அதில் தெளிவாகவே இருக்கிறது. கருவி சொல்வதெல்லாம் பெப் 8 என்றும் நினைக்க வேண்டாம். இன்று பைகோட்ஸ்டைல் என்று நாம் அழைக்கும் கருவிக்கு முன்பு பெப்8 என்றுதான் பெயர். கருவியின் தீர்ப்பையே ஆவணத்தின் தீர்ப்பாக ஆட்கள் எடுத்துக்கொண்டதால், பெயரை மாற்றும்படி கைடோவே கேட்டு, 2016-இல் மாற்றினார்கள். அதே ஆண்டில் ஆவணமும் ஓர் இடத்தில் மாறியது. நீண்ட கணக்கை இரண்டு வரியாக மடிக்கும்போது கூட்டல், கழித்தல் குறிகளை வரியின் முடிவில் வைக்கும் பழைய வழக்கத்துக்குப் பதிலாக, அடுத்த வரியின் தொடக்கத்தில் வைப்பதைப் பரிந்துரைக்க ஆரம்பித்தார்கள். 2010-இல் விதிப்படி சரியாக எழுதியவரின் வரியும் இன்று பழைய பாணிதான். அந்த மனிதரை யாரும் குறை சொல்ல முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். முதல் நாள் எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் எச்சரிக்கைகளை மட்டும் எடுங்கள். ஃப்ளேக்8 உள்ளுக்குள் பைகோட்ஸ்டைல், பைஃப்ளேக்ஸ், மெக்கேப் ஆகிய மூன்றைச் சேர்த்து ஓட்டுகிறது. ஈ, டபிள்யூ என்று வருபவை பைகோட்ஸ்டைல் சொல்லும் நடை விஷயங்கள். எஃப் என்று வருபவை பைஃப்ளேக்ஸ் கண்டுபிடிப்பவை. அவற்றில் நிஜமான பிழைகள் இருக்கும். எஃப்821 என்றால் எங்கும் வரையறுக்காத பெயர். பழைய நிரலில் இது பெரும்பாலும், பிழை வந்தால் மட்டும் ஓடும் எக்ஸெப்ட் கிளைக்குள் ஒளிந்திருக்கும். எப்போதோ ஒருநாள் நெட்வொர்க் அறுந்தால் மட்டும் ஓடும் வரி. அதிலுள்ள மாறியின் பெயரை யாரோ மேலே மாற்றிவிட்டு, இங்கே மறந்திருப்பார்கள். 2டு3 ஓடிய பிறகு பழைய கிளையிலிருந்து ஒட்டிய துண்டுகளில் எக்ஸ்ரேஞ்ச், யூனிகோட் போன்ற பைத்தான் 2 பெயர்களும் சிக்கும். எஃப்811 என்றால் ஒரே பெயரில் இரண்டு வரையறை. ஒரு டெஸ்ட் கிளாஸுக்குள் இரண்டு மெத்தடுக்கு ஒரே பெயர் இருந்தால் முதலாவது ஓடவே ஓடாது. அது பல வருடமாகப் பாஸ் ஆகிக்கொண்டிருப்பதாக எல்லோரும் நம்பியிருப்பார்கள். நடைத் திருத்தம் எதுவும் தொடங்கும் முன்பே இவற்றைத் தனித்தனிக் கமிட்டாகச் சரி செய்யுங்கள். மேலாளருக்கும் இந்த வேலையின் பலன் முதல் நாளிலேயே கண்ணில் படும்.

அடுத்தது, இப்போதைய நடத்தையைப் பிடித்து வைப்பது. டெஸ்ட் இல்லாத நிரலுக்கு யூனிட் டெஸ்ட் எழுத உட்கார்ந்தால் ஆறு மாதம் போய்விடும். அதற்குப் பதிலாக, நிரல் தினமும் வாங்கும் நிஜமான உள்ளீடுகளில் இருபது முப்பதை எடுத்து, அவற்றுக்கு இன்றைக்கு வரும் வெளியீட்டை அப்படியே கோப்பில் சேமித்துவிடுங்கள். தேதி, நேரம் போன்று ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுபவற்றை மட்டும் மறைத்துவிட வேண்டும். ஒவ்வொரு கமிட்டுக்கும் பிறகு மறுபடி ஓட்டி, சேமித்த கோப்போடு டிஃப் பார்க்க வேண்டும். வெளியீடு சரியா தப்பா என்ற ஆராய்ச்சி இப்போது தேவையில்லை. நேற்று வந்தது இன்றும் வருகிறதா என்பது மட்டும் போதும்.

டேப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் நிரல் பைத்தான் 3-இல் ஓடுவதால் டேப், ஸ்பேஸ் கலப்படத்தின் மோசமான வடிவங்கள் ஏற்கெனவே போயிருக்கும். குழப்பமான கலப்பு இருந்தால் பைத்தான் 3 டேப்எர்ரர் கொடுத்து நின்றுவிடும். ஆனால் கூடவே வரும் பழைய ஸ்கிரிப்டுகள், இன்னும் மாற்றாத ஒன்றிரண்டு கோப்புகள் எங்காவது கிடக்கும். பைத்தான் 2, ஒரு டேப்பை 8-இன் அடுத்த மடங்கு வரை நீட்டித்துப் படித்தது. எழுதியவரோ எடிட்டரில் டேப்பை 4 இடமாக வைத்திருப்பார். கண்ணுக்கு ஒரு வரி இஃப்-க்குள் இருப்பது போலத் தெரியும். பைத்தான் 2-க்கு அது வேறு ஆழத்தில் இருந்தது. இதைத் திருத்தப் போகிறவர் எடிட்டரில் திறந்து, 4 இடம் என்ற கணக்கில் டேப்பை ஸ்பேஸாக்கினால், கண்ணுக்குத் தெரிந்தது போல நிரல் மாறிவிடும், இத்தனை வருடம் ஓடியது போல இருக்காது. கலப்படக் கோப்பை 8 என்ற கணக்கில்தான் விரிக்க வேண்டும். லினக்ஸில் எக்ஸ்பாண்ட் கட்டளை இயல்பாகவே 8 எடுத்துக்கொள்ளும். விரித்த பிறகு உள்தள்ளல் விசித்திரமாகத் தெரியும் இடங்கள்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய இடங்கள். அங்கே எழுதியவர் நினைத்ததும் நிரல் செய்ததும் வேறு வேறாக இருந்திருக்கின்றன.

இதற்குப் பிறகு, இடைவெளியையும் வரி மடிப்பையும் தானாக ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர். இந்தப் பகுதி சுலபம், சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாக் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ரஃப் கருவியின் ஃபார்மேட்டர். வெளியீடு ஏறத்தாழ ஒன்றுதான். வரி நீளத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பெப் 8 சொல்வது 79. குழு ஒத்துக்கொண்டால் 99 வரை போகலாம் என்றும் அதுவே சொல்கிறது. பிளாக் இயல்பாக 88 வைக்கிறது. எதை வைத்தாலும் ஃப்ளேக்8-இலும் அதே எண்ணைக் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் சண்டை போடும். ஈ203-ஐயும் அணைத்துவிடுங்கள், ஸ்லைஸில் முக்காற்புள்ளிக்கு முன் பிளாக் விடும் இடைவெளியை ஃப்ளேக்8 தவறென்று சொல்லும், அங்கே பிளாக் செய்வதுதான் பெப் 8-க்குப் பொருந்தியது. நிரலுக்குள் தமிழில் குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தால் இன்னொன்று: வரி நீளத்தைக் கருவி யூனிகோட் குறியீடுகளாக எண்ணுகிறது. வணக்கம் என்பது நமக்கு ஐந்து எழுத்து, கருவிக்கு ஏழு. திரையில் குட்டையாகத் தெரியும் தமிழ் வரிக்கும் நீள எச்சரிக்கை வரும்.

ஃபார்மேட்டர் ஓட்டிய கமிட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு எழுத்துப்பிழைத் திருத்தம்கூட வேண்டாம். காரணம், அந்தக் கமிட்டை மனிதர் யாரும் வரி வரியாக ரிவ்யூ செய்ய முடியாது. எந்திரத்தால் மட்டுமே சரிபார்க்க முடியும். பிளாக், திருத்துவதற்கு முன்னும் பின்னும் நிரலின் ஏஎஸ்டி மரத்தை (பைத்தான் நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் அமைப்பை) ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் மட்டுமே கோப்பை எழுதும். டாக்ஸ்ட்ரிங் இடைவெளி போன்ற சில சிறிய விஷயங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வேறு கருவி பயன்படுத்தினால் இதை நீங்களே செய்யலாம்: பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஏஎஸ்டி மாட்யூலின் பார்ஸ் மூலம் படித்து, டம்ப் எடுத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும் பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். டம்ப் இயல்பாக வரி எண்களைச் சேர்க்காது, அதனால் வரிகள் இடம் மாறினாலும் ஒப்பீடு கெடாது. 9,000 வரிக்கும் சேர்த்து ஓரிரு நொடியில் பதில் வந்துவிடும்.

இந்தக் கமிட் போட்ட பிறகு, எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேமில், மாறிய எல்லா வரிக்கும் உங்கள் பெயர்தான் வரும். பழைய வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று தேடுகிறவருக்கு அது பெரிய இழப்பு. 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23-இலிருந்து இதற்கு வழி இருக்கிறது. ஒதுக்க வேண்டிய கமிட்டுகளின் ஹாஷ்களை ஒரு கோப்பில் எழுதி, பிளேமுக்கான இக்னோர் ரெவ்ஸ் ஃபைல் அமைப்பில் அந்தக் கோப்பைச் சுட்டிவிட்டால், அவற்றைத் தாண்டி அசல் ஆசிரியரைக் காட்டும். கிட்ஹப்பும் வழக்கமான பெயரில் அந்தக் கோப்பு இருந்தால் மதிக்கிறது. ஃபார்மேட்டர் கமிட்டைத் தனியாக வைப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இம்போர்ட்டுகளை அடுக்கும் ஐசார்ட், பயன்படாத இம்போர்ட்டை நீக்கும் ஆட்டோஃப்ளேக் ஆகியவை அடுத்த படி. இங்கிருந்து ஏஎஸ்டி ஒப்பீடு கைகொடுக்காது, ஏனென்றால் மரமே மாறுகிறது. பழைய நிரலில் இம்போர்ட் வரிசைக்கு அர்த்தம் இருக்கலாம். வரைபடம் வரையும் மேட்ப்ளாட்லிப் நூலகத்தின் பேக்எண்டைத் தேர்ந்தெடுக்கும் வரி, பைப்ளாட் இம்போர்ட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே வைத்ததாக இருக்கும். ஜீஈவென்ட் நூலகத்தின் மங்கி பேட்ச் (பைத்தானின் சொந்த மாட்யூல்களை ஓடும்போதே மாற்றும் வரி) எல்லாவற்றுக்கும் முதலில் ஓட வேண்டும். சுற்றி வரும் இம்போர்ட்டுகள் இப்போதைய வரிசையில் மட்டும் தற்செயலாக ஓடிக்கொண்டிருக்கும். பயன்படாதது என்று எஃப்401 சொல்லும் இம்போர்ட்டும் அப்படித்தான்: சில மாட்யூல்களை இம்போர்ட் செய்வதே ஏதோ ஒன்றைப் பதிவு செய்வதற்காக, பேக்கேஜின் இனிட் கோப்பில் இருப்பவை வெளியிலிருந்து வேறு யாரோ எடுத்துக்கொள்வதற்காக. கோப்பு கோப்பாகச் செய்யுங்கள். வைத்துக்கொள்ள வேண்டிய வரியில், எச்சரிக்கையை அடக்கும் நோக்யூஏ குறிப்பு போடுங்கள். ஏன் வைத்தோம் என்று நான்கு சொல்லும் எழுதுங்கள். அந்த நான்கு சொல் இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் அதை நீக்கிவிடுவார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஈ711: மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் நன்னோடு == வைத்து ஒப்பிடாதே, இஸ் வைத்து ஒப்பிடு. பெப் 8 சொல்வதும் இதுதான்; சாதாரண நிரலில் முழுக்கச் சரியான அறிவுரை. ஆனால் சில நூலகங்கள் == குறிக்கே வேறு அர்த்தம் கொடுத்திருக்கின்றன. தரவுத்தளத்தோடு பேசும் எஸ்க்யூஎல்ஆல்கெமி நூலகத்தில் ஒரு டேபிளின் நெடுவரிசையை == நன் என்று எழுதினால், அது உண்மை பொய் என்ற விடையைத் தருவதில்லை; இஸ் நல் என்ற எஸ்க்யூஎல் நிபந்தனையை உருவாக்கித் தருகிறது. அதை இஸ் நன் என்று மாற்றினால், பைத்தான் அந்த நெடுவரிசை ஆப்ஜெக்ட்டை நன்னோடு அங்கேயே ஒப்பிட்டு ஃபால்ஸ் என்று சொல்லிவிடும். ஃபில்டருக்குள் போவது வெறும் ஃபால்ஸ். ஒரு வரிசையும் வராது, எந்தப் பிழைச் செய்தியும் வராது.

எனக்கு இது நடந்திருக்கிறது. முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், நிலுவையில் உள்ள விண்ணப்பங்களைத் தினமும் காலையில் பட்டியலிட்டு அனுப்பும் ஒரு ஸ்கிரிப்ட்டில் ஈ711 எச்சரிக்கைகளை எல்லாம் ஒரே மூச்சில் திருத்தினேன். அடுத்த நாளிலிருந்து பட்டியல் காலியாகப் போனது. நிலுவையே இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஒரு விண்ணப்பதாரர் நேரில் வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவருடைய மூன்று நாளை என் நடைத் திருத்தம் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஈ711-ஐ நான் ஒவ்வொன்றாகத்தான் பார்க்கிறேன். எதிர்த்திசை இன்னும் ஆபத்து: != நன் என்பதை இஸ் நாட் நன் என்று மாற்றினால் ட்ரூ வரும், எல்லா வரிசையும் தேர்வாகும். அந்த வரியின் முடிவில் டிலீட் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எஸ்க்யூஎல்ஆல்கெமி இதற்கென்றே அடிக்கோட்டில் முடியும் இஸ் மெத்தட் ஒன்றை வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் எச்சரிக்கையும் போகும், அர்த்தமும் மாறாது.

ஈ712-உம் இதே குடும்பம். அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தின் டேட்டாஃப்ரேமில் ஒரு நெடுவரிசை == ட்ரூ என்று எழுதியிருப்பது வரிசைகளைத் தேர்ந்தெடுக்கத்தான்; இஸ் ட்ரூ என்று மாற்றினால் அந்த வரியே உடைந்துவிடும். ஆட்டோபெப்8 இவற்றை இயல்பாகத் தொடாது. அக்ரெஸிவ் தேர்வு கொடுத்தால்தான் தொடும். நீங்கள் ஓட்டலாமா என்று கேட்ட தேர்வு அதுதான். ரஃப் கருவி இவ்விரண்டையும் பாதுகாப்பற்ற திருத்தம் என்று குறித்து, நீங்கள் தனியாக அனுமதி கொடுத்தால் மட்டுமே செய்கிறது. அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள்.

காலியா என்று சோதிக்கும் வரிகளும் இப்படித்தான். லென் எடுத்து பூஜ்யமா என்று பார்ப்பதற்குப் பதிலாக நேரடியாக நாட் போடு என்பது நல்ல பரிந்துரை. ஆனால் மாறியில் எப்போதாவது நன் வந்தால், முன்பு டைப்எர்ரர் வந்து நின்ற நிரல் இப்போது பேசாமல் தாண்டிப் போகும். நம்பை அரேயில் ஒன்றுக்கு மேல் உறுப்பு இருந்தால் நாட் வேலை செய்யாது. எலிமென்ட்ட்ரீயில் ஒரு எக்ஸ்எம்எல் உறுப்பு இருந்தும் அதற்குக் குழந்தை உறுப்புகள் இல்லையென்றால் அது பொய்யாகக் கணக்கிடப்படும். அங்கே இஸ் நாட் நன் என்று நீட்டி எழுதியதைச் சுருக்கக் கூடாது. பைத்தான் 3.5-க்கு முன்பு நள்ளிரவு நேரம்கூடப் பொய்யாகத்தான் இருந்தது. 2010-இல் எழுதியவர் ஒரு சோதனையை நீட்டி எழுதியிருந்தால், அவர் இதில் ஏதோ ஒன்றில் அடிபட்டவராக இருக்கலாம்.

டைப்பை == வைத்து ஒப்பிடும் வரிக்கு ஈ721 வரும், ஐஸ்இன்ஸ்டன்ஸ் போடச் சொல்லி. பூல் என்பது இன்ட்டின் துணைக் கிளாஸ் என்பதை நினைவில் வையுங்கள். எண்ணை ஒரு பக்கமும் ட்ரூ, ஃபால்ஸை இன்னொரு பக்கமும் பிரித்த நிரலில் ஐஸ்இன்ஸ்டன்ஸ் போட்டால் இரண்டும் முதல் கிளைக்குள் போய்விடும். டைப்பையே இஸ் கொண்டு ஒப்பிட்டால் எச்சரிக்கையும் வராது, நடத்தையும் மாறாது.

2டு3 விட்டுப்போன தடங்கள் உங்கள் நிரலில் நிறைய இருக்கும். டிக்ஷனரியின் கீஸைச் சுற்றி வரும் ஒவ்வொரு லூப்பிலும் தேவையில்லாத லிஸ்ட் ஒன்று சுற்றியிருக்கும். பெரும்பாலும் எடுத்துவிடலாம். ஆனால் லூப்புக்குள் அதே டிக்ஷனரியிலிருந்து ஏதாவது நீக்கப்படுகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். நீக்கப்பட்டால், ஓடும்போதே அளவு மாறிவிட்டது என்று ரன்டைம்எர்ரர் வரும். அந்த லிஸ்ட்தான் இதுவரை காப்பாற்றியது. அப்புறம், பைட் ஸ்ட்ரிங்காக இருந்த தமிழ் உரையை எழுத்து எண்ணி வெட்டும் வரி எங்காவது இருந்தால் நின்று பாருங்கள். வணக்கம் என்பதன் நீளம் பைத்தான் 2-இன் சாதாரண ஸ்ட்ரிங்கில் 21, பைத்தான் 3-இல் 7. ரிப்போர்ட்டில் அகலத்துக்காக 30 என்று வெட்டிய வரிக்கு இப்போது வேறு அர்த்தம்.

நீண்ட வரிகளை ஃபார்மேட்டர் உடைக்க முடியாத இடத்தில் நீங்கள் கையால் உடைப்பீர்கள். அங்கே ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு நிபந்தனை உண்மையா என்று சோதிக்கும் அசெர்ட் வரி நீளமாக இருந்தால், நிபந்தனையையும் செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டுவிடாதீர்கள். அது இரண்டு உறுப்பு டியூப்பிள் ஆகிவிடும், டியூப்பிள் எப்போதும் உண்மை, அந்த அசெர்ட் அதற்குப் பிறகு எதையும் பிடிக்காது. செய்தியை மட்டும் அடைப்புக்குறிக்குள் வைத்து மடியுங்கள்.

பெயர் மாற்றத்தைக் கடைசிக்கு முந்தைய இடத்தில் வையுங்கள். பழைய நிரலில் சொற்களை ஒட்டி நடுவில் பெரிய எழுத்து போடும் கேமல்கேஸ் நிறைய இருக்கும். பெப் 8 ஃபங்ஷனுக்கும் மாறிக்கும் அடிக்கோடு போட்ட சிறிய எழுத்துகளைக் கேட்கிறது. மனது உறுத்தும், எனக்கும் உறுத்தும். ஆனால் பைத்தானின் சொந்த நூலகத்தைப் பாருங்கள். டெஸ்ட் எழுதுவதற்கான யூனிட்டெஸ்ட் மாட்யூல், ஜாவாவின் ஜேயூனிட்டைப் பார்த்து வந்தது. அசெர்ட்ஈக்வல், செட்அப் எல்லாம் இன்றும் கேமல்கேஸில்தான் இருக்கின்றன. லாக்கிங் மாட்யூலின் கெட்லாகரும் அப்படியே. த்ரெட்டிங் மாட்யூலுக்கு அடிக்கோடு போட்ட பெயர்கள் 2.6-இல் வந்தன, பழைய பெயர்களை விட்டுவிடச் சொல்லும் டெப்ரிகேஷன் எச்சரிக்கை அவற்றில் பலவற்றுக்கு 3.10-இல்தான் வந்தது. பதின்மூன்று வருட இடைவெளி. அசெர்ட்ஈக்வல்ஸ் என்ற மாற்றுப் பெயரை 3.12-இல்தான் நீக்கினார்கள். பெயர் என்பது வெளியில் இருப்பவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் என்று அவர்கள் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கும்.

அதனால் ஃபங்ஷனுக்கு உள்ளேயே பிறந்து உள்ளேயே முடியும் மாறிகளைத் தாராளமாக மாற்றுங்கள். ஒரு மாட்யூலைத் தாண்டாத பெயர்களைத் தேடிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். கெட்ஆட்டர் மூலம் ஸ்ட்ரிங்காக அழைக்கும் இடத்தை எடிட்டரின் பெயர்மாற்றக் கருவி கண்டுபிடிக்காது, வெறும் எழுத்துத் தேடலும் வேண்டும். வெளியிலிருந்து அழைக்கப்படும் பெயர் என்றால் புதிய பெயரில் ஃபங்ஷனை வைத்து, பழைய பெயரில் டெப்ரிகேஷன் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் புதியதை அழைக்கும் இரண்டு வரியை விடுங்கள். எச்சரிக்கையில் ஸ்டாக்லெவலை 2 என்று வைத்தால்தான் அழைத்தவரின் வரி தெரியும். ஃபங்ஷன் பெயரை மட்டும் யோசித்து, பாராமீட்டர் பெயரை மறந்துவிட வேண்டாம்; கீவேர்டாகக் கொடுத்து அழைப்பவர்களுக்கு அதுவும் வெளிப் பெயர்தான். கிளாஸ் பெயரையோ மாட்யூல் பெயரையோ மாற்றும் முன், ஆப்ஜெக்ட்டுகளைக் கோப்பில் சேமிக்கும் பிக்கிளைப் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். பிக்கிள் கோப்பில் கிளாஸின் பெயரும் மாட்யூலின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். பெயர் மாறினால் போன வருடம் சேமித்த கோப்பு திறக்காது. சிறிய எல், பெரிய ஓ, பெரிய ஐ ஆகிய ஒற்றை எழுத்து மாறிகளை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் மாற்றலாம். ஒன்று, பூஜ்யம் இவற்றோடு அவை குழம்பும்.

பெயரில்லாத எக்ஸெப்ட் வரிகள், ஈ722, கடைசி. இதை நடைத் திருத்தமாகவே கருத வேண்டாம். வெறும் எக்ஸெப்ட், கண்ட்ரோல் சியையும் நிரலை நிறுத்தும் சிஸ்டம்எக்ஸிட்டையும்கூட விழுங்கும். எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன் என்று மாற்றினால் அவை தப்பிப் போகும். அது நல்லதுதான், ஆனால் நடத்தை மாற்றம். ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே என்ன பிழையை எதிர்பார்த்தார்கள் என்று பார்த்து, அந்தப் பெயரைப் போடுங்கள். தெரியாவிட்டால் முதலில் லாக் வரி ஒன்றைச் சேர்த்து இரண்டு வாரம் ஓட விடுங்கள். என்ன வந்து விழுகிறது என்று லாக்கே சொல்லிவிடும்.

பழைய ஸ்ட்ரிங்குகளை எஃப்-ஸ்ட்ரிங்காக (மதிப்பை ஸ்ட்ரிங்குக்குள்ளேயே நேரடியாக எழுதும் வடிவமாக) மாற்றுவதை இந்த வேலையோடு சேர்க்காதீர்கள். சதவீதக் குறி வைத்த பழைய ஸ்ட்ரிங்குகள் பெப் 8-க்கு எதிரானவை இல்லை. லாக்கிங் அழைப்புகளில், மதிப்புகளைத் தனியாகக் கொடுத்திருந்தால், அப்படி இருப்பதுதான் சரி. அந்த லெவல் அணைந்திருந்தால் ஸ்ட்ரிங்கைக் கட்டும் வேலையே நடக்காது. மொழிபெயர்ப்புக்காக கெட்டெக்ஸ்ட்டில் போகும் ஸ்ட்ரிங்கை எஃப்-ஸ்ட்ரிங் ஆக்கினால் மொழிபெயர்ப்பே கிடைக்காது, ஏனென்றால் மதிப்பு நிரம்பிய பிறகுதான் அது தேடப்படும்.

இவ்வளவையும் 9,000 வரியிலும் செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம். எஃப் பிழைகள், டேப், ஃபார்மேட்டர் மூன்றும் எல்லாக் கோப்புக்கும். மற்றவை, வேறு வேலைக்காக எந்தக் கோப்பைத் தொடுகிறீர்களோ அதற்கு மட்டும். இரண்டு வருடமாக யாரும் திறக்காத, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கோப்பு அப்படியே இருக்கட்டும். ஃப்ளேக்8 அமைப்பில் பெர் ஃபைல் இக்னோர்ஸ் என்ற பகுதியில் அதற்கு விலக்கு எழுதுங்கள். யாரோ எழுதிய நூலகத்தை உள்ளே நகலெடுத்து வைத்திருந்தால், அல்லது வேறு கருவி உருவாக்கிய கோப்பு இருந்தால், அவற்றை முழுவதுமாக ஒதுக்குங்கள். அடுத்த பதிப்பு வரும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும், டிஃப் மட்டும் பெரிதாகும். கோப்பு தயாரானதும் அதன் விலக்கு வரியை நீக்கிவிட்டு, கமிட்டுக்கு முன் ஓடும் சோதனையில் சேர்த்துவிடுங்கள். அந்த விலக்குப் பட்டியல் மாதா மாதம் எத்தனை வரி குறைந்திருக்கிறது என்பதை மேலாளரிடம் காட்டலாம். 3,000 என்ற எண்ணைவிட அது நம்பகமான கணக்கு.

நாளைக் காலை எஃப்821, எஃப்811 இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து ஃப்ளேக்8-ஐ ஓட்டுங்கள். ஐம்பதுக்குள் வந்தால் இந்த வாரமே அதை முடித்துவிட்டு டேப்புக்குப் போகலாம். அதற்கு மேல் வந்தால் 2டு3 மாற்றம் பாதியில் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது நடையைத் தொடும் முன் அந்த மாற்றத்தை முடிக்க வேண்டும். 2டு3 பைத்தான் 3.13-இல் நீக்கப்பட்டுவிட்டது, அதனால் அந்த வேலைக்குப் பழைய பதிப்பு ஒன்றை நிறுவி வைத்துக்கொள்ளுங்கள்.